தூங்க ஓரிடம், ஏற ஓரிடம்

பாறை ஏறும் பகுதி ஒன்றை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டால், அங்கே வண்டி நிறுத்தும் இடம் எப்படி என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். நான் நேரில் பார்த்த சச்சரவுகளில் பெரும்பாலானவை பாறையில் தொடங்கியவையே இல்லை. யாரும் கேட்காமல் பாறையில் கயிறு மாட்டும் போல்ட் அடித்துவிடவில்லை, பறவைக் கூட்டைக் கலைத்துவிடவில்லை. மண்சாலை ஓரத்தில் நாலைந்து கார் மட்டுமே நிற்கக்கூடிய ஒரு சின்ன வெட்டவெளியில் ராத்திரி முழுக்க வேன்கள் நின்றன. அதிலிருந்துதான் எல்லாம் கிளம்பியது.

நானும் கேம்பர் வேனில் போகிறவன்தான். பின்பக்கம் கட்டில், அதற்கடியில் கயிறும், விழுந்தால் தாங்கும் மெத்தையான க்ராஷ் பேடும், பக்கவாட்டில் ஓர் அடுப்பு, கூரையில் சோலார் பலகை. வானிலை பார்த்து இடம் மாற்றிக்கொண்டு, அதிகாலை நிழலிலேயே ஏறத் தொடங்கும் சுகம் வேறு எதிலும் கிடைக்காது. அதை விட்டுவிடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். அது நமக்குத் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். பல வருஷம் வேனோடு சுற்றியதில் எனக்குப் பட்டது ஒன்றே ஒன்று: ஏறும் இடத்தின் பார்க்கிங்கில் இரவு தங்கக் கூடாது. பகலில் ஏற ஓரிடம், இரவில் தூங்க வேறோர் இடம். இதை மட்டும் கறாராகப் பிடித்துக்கொண்டாலே வேனால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாறையடியில் இருக்கும் பார்க்கிங்கில் இடத்தைப் போலவே நேரமும் செலவாகிறது. காரில் வருகிறவர் காலை ஒன்பதுக்கு வந்து மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். அந்த இடத்துக்கு அடுத்தவர் வந்து மாலை வரை ஏறுவார். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு வந்த வேன் மறுநாள் மாலை ஆறு மணிக்கு எடுக்கப்படுகிறது என்றால் 22 மணி நேரம் அந்த இடம் அடைபட்டுக் கிடக்கிறது. நீளத்தையும் பாருங்கள். வேன் வீடாக மாற்றப்படுவதற்குப் பெயர்போன ஃபியட் டுகாட்டோவின் பெரிய வகைகள் 5.99 மீட்டரும் 6.36 மீட்டரும் நீளம். சாதாரண கார் கட்டம் 5 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கோடு போடாத மண்தரையில் அந்த வேன் கொஞ்சம் சாய்த்து நின்றால் இரண்டு கார் இடம் போய்விடும். அப்படி மூன்று வேன் நின்றாலே காலையில் உள்ளூரிலிருந்து வருகிறவர்களுக்கு இடம் இல்லை. அவர்கள் என்ன செய்வார்கள்? சாலையோரப் புல்லில் ஏற்றி நிறுத்துவார்கள், வளைவில் நிறுத்துவார்கள், தோட்டத்துக் கேட்டின் முன்னால் நிறுத்துவார்கள். அன்றைக்குப் புகார் வாங்குவது அந்தக் கார்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த வேனை யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அது ஒழுங்காகப் பார்க்கிங்குக்குள்தான் நிற்கிறது.

ஒரு நாள் காலை இதைக் கண்ணெதிரே பார்த்தேன். சுண்ணாம்புப் பாறைகளுக்குப் போகும் ஒற்றைச் சாலை. வழியில் மேய்ச்சல் நிலத்துக்குள் போகும் இரும்புக் கேட். கேட்டுக்கு நேர் எதிரே, சாலையின் மறுபுறம், ஒரு வேன். கேட்டை அது மறைக்கவில்லை. நிறுத்தியவர் அதைக் கவனித்துத்தான் நிறுத்தியிருக்கிறார். ஆனால் ஆடுகளை ஏற்றிச் செல்லும் டிரெய்லரோடு வந்த டிராக்டருக்குத் திரும்புவதற்கு அந்த எதிர்ப்புற ஓரமும் வேண்டும். டிராக்டர்காரர் முன்னும் பின்னுமாக எடுத்துப் பார்த்தார். டிரெய்லரின் சக்கரம் கேட்டுக் கம்பத்தில் உரசியது. இறங்கி வேனின் கதவைத் தட்டினார். உள்ளே ஆள் இல்லை. அவர் கோபப்படவில்லை, கத்தவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பாறை பாறையாகப் போய் வேன் எண்ணைச் சொல்லிக் கேட்டோம். உரிமையாளர் மூன்றாவது கயிறு நீளத்தில், பாறையில் வெகு உயரத்தில் இருந்தார். அவர் இறங்கி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை டிரெய்லருக்குள் ஆடுகள் வெயிலில் நின்றன. அடுத்த முறை போனபோது அந்தச் சாலையோரம் நெடுகப் பெரிய கற்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். இப்போது அங்கே காரும் நிறுத்த முடியாது.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கறாராகவே சொல்கிறேன். கேட்டின் முன்னால் மட்டுமில்லை, கேட்டுக்கு எதிரேயும் நிறுத்தாதீர்கள். டிராக்டரும் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் திரும்ப எவ்வளவு அகலம் வேண்டும் என்று யோசித்து நிறுத்துங்கள். ஒற்றைச் சாலைகளில் எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்க விட்டிருக்கும் இடம் பார்க்கிங் கிடையாது. பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பு அதை வெளிப்படையாகவே தடுக்கிறது. வேனின் முன் கண்ணாடியில் ஒரு தாளில் எந்தப் பாறைக்குப் போயிருக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று எழுதி வையுங்கள். இப்படிப் பல கயிறு நீளம் ஏற வேண்டிய பாதைகளுக்குப் போகும் நாளில் இது கட்டாயம்.

புல்லில் ஏற்றி நிறுத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீரும் சாமானும் ஏற்றிய வேன் மூன்று டன்னைத் தொடும். ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய உச்சவரம்பான 3.5 டன்னுக்குள் அடக்கவே பலர் திண்டாடுகிறார்கள். ஈரமான ஓரத்தில் அந்த எடை ஒரு முறை ஏறினாலே சக்கரத் தடத்தில் குழி விழும், குழியில் தண்ணீர் தேங்கும், அடுத்தவர் குழியைத் தவிர்க்க இன்னும் ஓர் அடி உள்ளே ஏற்றுவார். ஒரே மழைக்காலத்தில் ஓரம் இரண்டு மீட்டர் அகலமாகிச் சேறாவதைப் பார்த்திருக்கிறேன். காய்ந்த புல்லில் சிக்கல் வேறு: புகைபோக்கிக் குழாயும் அதிலுள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். உயரமான காய்ந்த புல் அதைத் தொட்டால் தீப்பிடிக்கும்.

பாலைநிலத்தில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள இந்தியன் கிரீக் போன்ற இடங்களில் வெறும் மண் மாதிரி தெரிவது வெறும் மண் இல்லை. பாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள மேலோடு அது. கறுத்துப்போய், மேடும் பள்ளமுமாக இருக்கும். அதுதான் மண் காற்றில் பறக்காமல் காக்கிறது, மழை நீரை இறங்க விடுகிறது. அதன் மேல் சக்கரம் ஒரு தடவை ஏறினால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். ‘ஏற்கெனவே யாரோ ஓட்டிய தடம்தானே’ என்று புதுத் தடத்தில் போகிறவர்கள் அதை நிரந்தரச் சாலையாக்கிவிடுகிறார்கள். நன்றாகத் தேய்ந்து, சரளை தெரியும் இடத்தில் மட்டும் நிறுத்துவது என்பது அங்கே மரியாதைக்காகச் சொல்லும் பேச்சு இல்லை, அந்த நிலம் பிழைக்க வேறு வழியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நம்மிடையே நிறையக் குழப்பம். ஸ்காட்லாந்தில் எங்கும் தங்கலாம் என்று நம்பி வேனோடு போகிறவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். அங்கே 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் நடந்தோ, சைக்கிளிலோ போகிறவருக்குத் திறந்த நிலத்தில் நுழையவும் கூடாரம் போடவும் உரிமை கொடுக்கிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை இல்லை. கூடாரக்காரருக்கு உள்ள சலுகை வேன்காரருக்குக் கிடையாது. ஸ்பெயினில் 2008-இல் போக்குவரத்துத் துறை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. வண்டியின் சக்கரங்கள் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு, பந்தல் விரிக்காமல், நாற்காலி மேசை வெளியே போடாமல், எதையும் வெளியே கொட்டாமல் இருந்தால் அது நிறுத்துவதுதான், முகாமிடுவது ஆகாது. பந்தலை விரித்த கணத்தில் முகாம் ஆகிவிடும், முகாமுக்கு வேறு விதி. அதற்கு மேல் ஊராட்சிகளும் இயற்கைப் பூங்காக்களும் தங்கள் கட்டுப்பாடுகளை வைத்திருக்கலாம். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகம் பார்த்துக்கொள்ளும் நிலங்களில், வசதி எதுவும் இல்லாத திறந்தவெளியில் பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை தங்கலாம். தேசியப் பூங்காவுக்குள் நுழைந்ததும் கதை மாறிவிடும். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள கேம்ப் 4 என்ற முகாம், பாறை ஏறுபவர்களின் வரலாற்றில் அதன் இடத்துக்காக 2003-இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அங்கேயே வண்டிக்குள் தூங்க அனுமதி இல்லை. கூடாரம் மட்டும்தான்.

ஸ்பெயின் விதியைச் சட்டமாக இல்லாத இடத்திலும் நான் பழக்கமாக வைத்திருக்கிறேன். சக்கரம் தவிர எதுவும் தரையைத் தொடாது. நாற்காலி வெளியே வராது, துணி காயாது, பாட்டு கேட்காது. இதை ஒரு மாதம் செய்து பாருங்கள், உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். வழியில் போகிறவருக்கு நிற்கும் வண்டி வண்டியாகத் தெரிந்தால் பிரச்சினை இல்லை. முற்றமாகத் தெரியத் தொடங்கும்போதுதான் தொலைபேசியை எடுக்கிறார்கள்.

இனி யாரும் பேச விரும்பாத சங்கதி. பகலில் மட்டும் வந்துபோகும் ஏறுபவர் பெரும்பாலும் காலைக்கடனை வீட்டிலோ விடுதியிலோ முடித்துவிட்டு வருகிறார். வேனில் தூங்கியவர் எழுந்ததும் காபி போடுகிறார், அரை மணி நேரத்தில் அவசரம் வருகிறது, பார்க்கிங்கிலிருந்து ஐம்பதடி தூரத்தில் இருக்கும் முதல் புதர்தான் அவருக்குக் கழிப்பறை. பத்து வேன் நின்றால் பத்துப் பேருக்கும் அதே புதர். பாறைப் பகுதியைச் சுத்தம் செய்யும் நாள்களில் கையுறையும் இடுக்கியுமாக அந்தப் புதர்களுக்குப் பின்னால் வேலை செய்திருக்கிறேன். கல்லுக்கடியில் மடித்துச் செருகிய காகிதம், முள்ளில் சிக்கிக் கிழிந்து தொங்கும் ஈரத்துடைப்பான். காகிதமாவது மழையில் கரைந்து போகும். ஈரத்துடைப்பான்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் இழை கலந்தவை, வெளுத்துப்போய் அப்படியே கிடக்கும். ஒரு புதரைச் சுத்தம் செய்ய ஒரு பை நிறைந்தது. அதைச் செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. எல்லோருக்கும் அது ஒரு தடவைதான். அந்த இடத்துக்கு மட்டும் தினமும்.

குழி தோண்டிப் புதைப்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் அளவு இருக்கிறது: 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம், தண்ணீர், பாதை, தங்குமிடம் மூன்றிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தூரம், காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவது. ஆனால் அந்த அளவு ஆள் நடமாட்டம் குறைந்த காட்டுக்குச் சொன்னது. கூட்டம் வரும் பாறையடியில் 60 மீட்டருக்குள் ஏற்கெனவே எத்தனை குழி என்று யாருக்கும் தெரியாது. பாலைநிலத்தில் ஈரமும் நுண்ணுயிரும் குறைவு என்பதால் புதைத்தது மக்க மிக நீண்ட காலம் ஆகும். அதனால் எடுத்துப் போவது ஒன்றே வழி. கழிவைக் கெட்டியாக்கும் பொடி போட்ட இரட்டைப் பைகள் கிடைக்கின்றன. உபயோகித்துவிட்டு மூடிக் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடலாம். வேனுக்குள் இடம் இருக்கிறவர்கள் சிறுநீரைத் தனியாகப் பிரிக்கும் உலர் கழிப்பறையோ, கழிவுத் தொட்டியைக் கழற்றி எடுத்துக் காலி செய்யும் காசெட் டாய்லெட்டோ வைத்துக்கொள்வது நல்லது. கேம்பர் வேன் என்று சொல்லிக்கொண்டு கழிப்பறையே இல்லாத வண்டியில் ஏறும் இடத்துக்கு வருவதை நான் இப்போது ஏற்பதில்லை. கட்டில் போடுவதற்கும் முன்பே அதைத்தான் பொருத்த வேண்டும்.

காசெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். காசெட்டில் ஊற்றும் நீல திரவம் நாற்றத்தை அடக்கப் பாக்டீரியாவைக் கொல்கிறது அல்லது செயலிழக்க வைக்கிறது. பாறையடியில் அரசாங்கமோ ஏறுபவர் சங்கமோ கட்டிக்கொடுத்த மக்கும் கழிப்பறையில் அதைக் கொட்டினால், கழிவை மக்கச் செய்ய வேண்டிய பாக்டீரியாவும் சேர்ந்து செத்துவிடும். நிலத்தடித் தொட்டிக்கும் அதே கேடு. காசெட்டைக் காலி செய்ய முகாம் இடங்களிலும் வண்டி நிறுத்தங்களிலும் தனியாக இடம் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் கொட்ட வேண்டும்.

பாத்திரம் கழுவிய நீரைச் சாதாரணமாக எண்ணிச் சாலையோரத்தில் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. மக்கும் சோப்புதானே என்பார்கள். மக்கும் சோப்பு மண்ணில் மக்கும், ஓடையில் அல்ல. நீரில் நேரடியாகக் கலந்தால் அங்கிருக்கும் பூச்சிக்கும் தவளைக்கும் அதுவும் விஷம்தான். எண்ணெயும் சோற்றுப்பருக்கையும் கலந்த அந்தத் தண்ணீர் விழுந்த இடத்தில் மறுநாளே எறும்பும் எலியும் வரும், அவற்றைத் தேடி மற்றவை வரும். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் செலவாகும் தண்ணீர் பாதியாகும். தொட்டியும் அடிக்கடி நிறையாது.

புகையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சாமான் ஏற்றிய வேன் 100 கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். மழை வருகிறது என்று 400 கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கும் பாறைக்குத் தாவினால், போனதற்கு மட்டும் நூறு கிலோவுக்கு மேல். வேன் வாழ்க்கை சிக்கனமானது என்று நாம் சொல்வது ஓரிடத்தில் தங்கும்வரை உண்மை. அலைந்து திரியத் தொடங்கினால் அது உண்மை இல்லை. எனக்குச் சரிப்பட்டு வந்தது, ஒரு பகுதியை முடிவு செய்தால் அங்கேயே வாரக்கணக்கில் இருப்பது, மழை நாளை ஓய்வு நாளாக்கிக்கொள்வது, வேனின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போவது. தங்கும் இடத்திலிருந்து பாறைக்குச் சைக்கிளில் போனால் பார்க்கிங் கவலையே கிடையாது. தொலைவாக இருந்தால், முகாமில் இருக்கும் நாலு பேர் ஒரே வண்டியில் போவோம். மூன்று வேன் முகாமிலேயே நிற்கும். அந்த ஏற்பாடு முகாமில் தங்கினால்தான் அமையும். பாறையடியில் தனித்தனியாகத் தூங்குகிறவர்கள் ஒன்றாகக் கிளம்புவது எப்படி?

‘முகாமுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறதே’ என்பதுதான் எப்போதும் வரும் பதில். ஆமாம், கொடுக்க வேண்டும். அந்தக் காசில் கழிப்பறை இருக்கிறது, குப்பை எடுப்பவர் இருக்கிறார், தண்ணீர் இருக்கிறது. பாறையடியில் ஓசியில் தூங்கும்போதும் அந்தச் செலவு இருக்கத்தான் செய்கிறது. நிலக்காரரோ, ஊராட்சியோ, ஏறுபவர் சங்கத்தின் தொண்டர்களோ அதைச் சுமக்கிறார்கள். பிரிட்டனில் 1944 முதல் இருக்கும் பிரிட்டிஷ் மலையேற்ற மன்றம், அமெரிக்காவில் 1991-இல் தொடங்கிய ஆக்சஸ் ஃபண்ட் போன்ற அமைப்புகள் நிலக்காரர்களோடு பேசிப் பாறைகளைத் திறந்து வைப்பதற்கும், வேண்டிய இடங்களில் நிலத்தையே வாங்குவதற்கும் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. மாதம் முழுக்க முகாமில் தங்க வசதி இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது: ஊருக்குள் வேன்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் நிறுத்தங்களைத் தேடுங்கள். ஐரோப்பாவில் பல சிற்றூர்கள் இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ அவற்றை வைத்திருக்கின்றன, கழிவு கொட்டும் வசதியோடு. பாறையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கட்டும், பரவாயில்லை. அந்த ஊரில் ரொட்டியும் காய்கறியும் வாங்கினால் ஊரும் உங்களை வரவேற்கும்.

தனியார் நிலத்தில் தங்க நேர்ந்தால் வெளிச்சம் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். எத்தனை பேர், எத்தனை இரவு, எப்போது கிளம்புவீர்கள், கழிப்பறை வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் கேட்ட இடங்களில் பலர் சம்மதித்தார்கள். சிலர் மறுத்தபோதும் வேறோர் இடத்தைக் காட்டினார்கள். சம்மதம் கிடைத்த இடத்தை வரைபடச் செயலிகளில் ஏற்றாதீர்கள். அவர் சம்மதித்தது ஒரு வண்டிக்கு. செயலியில் ஏறிய இடத்துக்கு அடுத்த வாரம் எட்டு வண்டி வந்து நிற்கும், அப்புறம் யாருக்கும் அனுமதி இருக்காது. இரவு தங்குமிடங்களைப் பகிரும் செயலிகளைப் பற்றி எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. முகாம்களையும் ஊர் நிறுத்தங்களையும் காட்டும்வரை அவை பெரிய உதவி. ‘அமைதியான இடம், பாறை பக்கத்திலேயே, யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று ஒருவர் எழுதும் குறிப்புதான் அந்த அமைதியைக் கெடுக்கிறது.

நெடுந்தூரம் ஓட்டி நள்ளிரவில் வந்து சேரும் இரவுகளை மட்டும் தனியாகத் திட்டமிட வேண்டியிருக்கிறது. முகாமின் கேட் பூட்டியிருக்கும், களைப்பில் கண் சொக்கும், பாறையடி பார்க்கிங் காலியாகத் தெரியும். அதற்காகவே நான் கிளம்புவதற்கு முன் வழியில் நெடுஞ்சாலையோர ஓய்விடம் ஒன்றையும், ஊருக்குள் இரவு நிறுத்த அனுமதியுள்ள இடம் ஒன்றையும் குறித்து வைத்துக்கொள்கிறேன். இருட்டிய பிறகு பாறைச் சாலையில் நுழைவதே இல்லை. காலையில் ஆறரைக்கு எழுந்து, கழிப்பறை வேலை எல்லாம் அங்கேயே முடித்துவிட்டுப் போனால், ஏழரைக்குள் பாறையடியில் இருக்கலாம். பெரிய வேன் என்றால் உள்ளோரமாக, பின்புறத்தைப் புதர்ப்பக்கம் விட்டு, பக்கத்தில் இன்னொரு கார் நிற்க இடம் விட்டு நிறுத்துங்கள். இடம் நிறைந்திருந்தால் திரும்பிவிடுங்கள். அதற்கென்று அதே பகுதியில் இரண்டாவது பாறை ஒன்றை முதல் நாளே தேர்ந்து வைத்திருந்தால், திரும்பிப் போவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.